ஏழாம் இலக்க வினா

முதலாம் இலக்க வினாவுக்கு விடையளிக்க அமைச்சர் இரண்டு வாரக் கால அவகாசம் கேட்டார், சபாநாயகர் கொடுத்தார், கேட்ட உறுப்பினரும் பெரிய உபகாரம் ஒன்று நடந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டு இருந்தார். இதிலெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒன்பது வருடமாக இதே நாடாளுமன்றத்தில், இதே குளிரில், மொழிபெயர்ப்புக் கேட்கிற கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு இருந்து பழகியவன் நான், அமைச்சர்மார் அவகாசம் கேட்பது எனக்குக் காலையில் பல் துலக்குவது மாதிரி. என் கஷ்டம் ஏழாவதாக இருக்கிறது. ஒழுங்குப் பத்திரத்தைத் திருப்பினால் இரண்டாம் பக்கத்தின் நடுவில், கௌரவ இ. துவாரகன், போக்குவரத்து அமைச்சரிடம், முதிரையடிக்குளம் பஸ் சேவை. முதிரையடிக்குளம் என்னுடைய மாவட்டம். துவாரகனுக்கும் அதே மாவட்டம்தான், அதே கட்சிதான், போன தேர்தலில் ஒரே சுவரொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றோம், கட்சிக்குள் ஆளாளுக்கு விழுந்த விருப்பு வாக்கை எண்ணி முடித்தபோது என்னைவிட ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலு அவனுக்குக் கூட. இந்த இலக்கத்தை நான் மறக்கப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை, குளிக்கும்போதுகூட வந்து நிற்கிறது. இருபது வருடம் நொத்தாரிசாக இருந்தவன் நான், மாவட்டத்தில் பாதிக் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதிய கை இது. அவன் தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக நின்று டிக்கற் கிழித்தவன். எனக்குப் பொறாமை. சபையில் சொல்ல மாட்டேன், வீட்டில் சொல்ல மாட்டேன், எனக்குள்ளே சொல்லிக்கொள்வதற்கு என்ன வெட்கம், வயிறு எரிகிறது.

இரண்டாவது வினா தென்னையில் வருகிற ஏதோ நோயைப் பற்றியது. கருவிக்குள் மொழிபெயர்ப்பாளர் பெண் அழகான தமிழில் வெண்ணிறப் பூச்சி என்றும் உரிய நடவடிக்கை என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் துவாரகனுடைய கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கதிரை. இன்னும் வரவில்லை. அவன் கொழும்புக்குப் பஸ்ஸில்தான் வருவான், எம்பிமாருக்கு வாகனம் இருக்கிறது, இருந்தும் பஸ்ஸில் வருவான், இறங்குகிற இடத்தில் யாராவது ஒருவர் படம் எடுப்பார், அந்தப் படம் அன்று முழுக்க ஊரெல்லாம் சுற்றும். எங்கட பிள்ளை பஸ்ஸில போகுது எண்டு சனம் எழுதும். நானும் ஒருதரம் யோசித்தேன், ஆனால் எனக்கு முதுகு நோ, பத்து மணித்தியாலம் பஸ்ஸில் இருந்தால் அடுத்த நாள் எழும்ப முடியாது, அதை யார் படம் எடுப்பார்கள். இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் முன் வரிசையில் இருந்த எங்கள் கொறடா சவுந்தரநாயகம் கதிரையில் உடம்பைத் திருப்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "குலம் அண்ணை, துவாரகன் வந்த பஸ் புத்தளத்தில பழுதாப் போச்சாம். இண்டைக்கு வந்துசேர மாட்டார். ஏழாவது அவற்ற கேள்வி, அவருக்காக நீங்கள் எழும்புங்கோ" என்றார். எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பஸ்ஸைப் பற்றிக் கேள்வி கேட்க வந்தவன் பஸ்ஸாலேயே மாட்டுப்பட்டுக்கொண்டான். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, "ஏன் நான்?" என்றேன். "மாவட்டம் உங்கடதுதானே. அவர் குறிப்பெல்லாம் உங்கட போனுக்கு அனுப்புறாராம்." "குறிப்பு என்னத்துக்கு. என்ர மாவட்டத்தைப் பற்றி எனக்கு அவர் படிப்பிக்கவே?" சவுந்தரநாயகம் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு எங்கள் இரண்டு பேரையும் வைத்து மேய்ப்பதே வேலை. மேசையில் என் போன் ஒருதரம் நடுங்கியது, பிறகு இன்னொருதரம், மூன்றாவது தரமும் நடுங்கியபோது எடுத்து முகம் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாவது யானை வேலி. யானை வேலிக்குக் குறைந்தது இருபது நிமிடம் போகும், யானை வேலி என்று வந்தால் ஆளுக்காள் எழும்புவார்கள். எனவே ஒழுங்குப் பத்திரத்தை எடுத்து அவனுடைய வினாவை முழுதாக வாசித்தேன், அதுவரை தலைப்பை மட்டும்தான் வாசித்திருந்தேன், முழுக்க வாசிக்க மனம் வரவில்லை. அ, முதிரையடிக்குளத்திலிருந்து பிரதேச ஆஸ்பத்திரிக்குக் காலை ஆறு மணிக்குப் புறப்படும் பஸ் பிற்பகல் இரண்டு மணிக்கே திரும்பி வருகின்றது என்பதையும், கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் பத்தரை, பதினொரு மணியளவில் முடிவடைவதால் தாய்மார் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் காத்திருக்கின்றனர் என்பதையும், காத்திருக்க முடியாமல் ஒன்பது கிலோமீற்றர் தூரத்தை நடக்கப் புறப்பட்ட தாயொருவர் கடந்த ஆவணி மாதம் பாலத்தடியில் பிள்ளை பெற்றார் என்பதையும் அவர் அறிவாரா? ஆ, பதினொரு மணிக்கு ஒரு பஸ் சேவையை நடத்த நடவடிக்கை எடுப்பாரா என்பதை இச்சபைக்கு அறிவிப்பாரா? இ, இன்றேல், ஏன்? எல்லா வினாவும் இப்படித்தான் முடியும், இன்றேல் ஏன் என்று முடியாத வினாவை இந்தச் சபையில் நான் கண்டதில்லை. ஆனால் நான் அங்கே நிற்கவில்லை, பாலத்தடியில் நின்றுவிட்டேன். பாலத்தடியில் பிள்ளை பிறந்தது ஒரு பத்திரிகையிலும் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவில் ஆஸ்பத்திரியில் பிறந்ததாகத்தான் இருக்கிறது, பெரிய டொக்டர் கேள்விகேட்பார் என்று அப்படி எழுதினார்களாம். பாலத்தடியில் நின்றது மூன்று பேர், பெற்றவள், பிறந்தது, பிறகு மிட்வைஃப். அந்தப் பிரதேசத்துக்கு ஒரே ஒரு மிட்வைஃப்தான் இருக்கிறாள், அவளுடைய பெயர் தவமலர், அவள் என்னுடைய மனைவி.

அவள் சொல்லித்தான் எனக்குப் பாலத்தடி தெரியும். அவள் சொல்லித்தான் அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சொன்ன நாளை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஆவணியில் ஒரு மத்தியானம் அவள் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள், வெள்ளைச் சீலையில் முழங்கால் வரைக்கும் சேறு, சேறு மட்டுமல்ல, நான் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தேன். நான் போனில் இருந்தேன். நூலகத் திறப்பு விழாவில் கல்வெட்டில் யாருடைய பெயர் மேலே வருவது என்று ஒரு பிரச்சினை, அந்தக் கல்வெட்டிலும் அவன்தான், துவாரகன்தான், அகர வரிசையில் போட்டால் நான் மேலே, விருப்பு வாக்கு வரிசையில் போட்டால் அவன் மேலே. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னப்பா, பாலத்தடியில ஒரு பிள்ளையைப் பெத்துப்போட்டுது, நான் போகாட்டி என்ன நடந்திருக்கும்" என்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கையால் பொறு என்று காட்டினேன். அவள் பொறுத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்தபோது நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தேத்தண்ணி கேட்டேன். தந்தாள். அதில் ஒரு குறையும் இல்லை, சீனி அளவாக இருந்தது. பஸ்ஸைப் பற்றி அன்றைக்கும் சொன்னாளா, அதற்கு முன்னும் சொன்னாளா, சொல்லியிருப்பாள், பஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் எப்போதும் புழங்கிக்கொண்டுதான் இருந்தது, குசினியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மாதிரி, யார் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நாலாவது வினாவைக் கேட்க வேண்டியவர் சபையில் இல்லை. சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டார், கண்ணாடிக்கு மேலாக ஒருதரம் பார்த்தார், அவருக்காக எழும்புவார் யாருமில்லை, ஐந்தாவது என்றார். முடிந்தது. ஐந்து செக்கன் ஆகியிருக்காது. அந்த வினாவுக்குப் பின்னாலும் ஒரு ஊர் இருந்திருக்கும், யாரோ ஒருவர் கடிதம் எழுதியிருப்பார், இனி அது திரும்பவும் எழுதிக் கொடுக்கப்பட்டு, இலக்கம் விழுந்து, முறை வர ஆறு மாதம் போகும். நான் என் கதிரைக்குள் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். எழும்பாமல் விட்டால் என்ன. கொறடாவிடம் மூத்திரத்துக்குப் போனேன் என்று சொல்லலாம், இந்த வயதில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேள்வி விழுந்துபோகும், துவாரகன் புத்தளத்துக் கடையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டிருப்பான், முகத்தில் ஈயாடாது. ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு எத்தனை கிளினிக், எத்தனை பேர் அந்த வெயிலில். இதை யோசிக்கும்போது எனக்கு அந்தத் தாய்மார் வரவில்லை, அவள் வந்தாள், தவமலர், ஆஸ்பத்திரி விறாந்தையில் கைவிசிறியோடு. அவள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாளா. நான் பேசுகிற நாட்களில் அவள் பார்த்ததாக எனக்குத் தெரியாது. அவன் பேசியதைப் பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியும், குசினியில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள், அவன் பஸ் நடத்துனர் மாதிரிக் குரல் வைத்து ஏறுங்கோ ஏறுங்கோ பின்னுக்குப் போங்கோ என்று சபையில் சொல்லிக் காட்டினான், அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். நான் தண்ணீர் எடுக்க வந்தவன் எடுக்காமலே திரும்பிப் போனேன்.

ஒருதரம் வீட்டுக்கும் வந்தான். கட்சிக்காரர் நாலு பேரோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான், தவமலர் கணவாய் சமைத்திருந்தாள், எனக்குக் கணவாய் ஒத்துக்கொள்ளாது, அதனால் எங்கள் வீட்டில் கணவாய் சமைப்பதே இல்லை. அன்றைக்குச் சமைத்தாள். "தம்பி, நீங்கள் நிண்ட பஸ்ஸில நான் எத்தினை நாள் வந்திருக்கிறன் தெரியுமே, ஒருநாள் மிச்சக் காசு தரேல்ல" என்றாள் அவனிடம். அவன் உடனே எழும்பி, "மிஸ்ஸி, அது எந்த ரூட், ஆறு மணி பஸ்ஸே, ஏழு மணி பஸ்ஸே?" என்று கேட்டான். பிறகு பதில் வரும்வரைக்கும் சோற்றில் கை வைக்காமல் இருந்தான். அதுதான். அதைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கையில் குழம்போடு, வாய் கொஞ்சம் திறந்தபடி, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பஸ்ஸைப் பற்றி அவள் சொன்னாள், எவ்வளவு நேரம் சொன்னாள் என்று தெரியாது, நான் மற்றப் பக்கத்தில் கல்வெட்டுக் கதை கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கெட்ட நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன், வந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, அவனுக்கு முப்பத்தெட்டு, அவள் அவனைத் தம்பி என்கிறாள், அவன் அவளை ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற மாதிரி மிஸ்ஸி என்கிறான், நினைப்பதற்கே வெட்கக்கேடு, வந்த உடனேயே அதை விரட்டிவிட்டேன். ஆனால் விரட்டின இடத்தில் வேறொன்று வந்து இருந்துகொண்டது, அது போகிற மாதிரி இல்லை. அந்த மாதிரி ஏதாவது இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரியாது. அவனிடம் அவள் கேட்டது ஒரு பஸ். என்னிடம் கேட்டு அலுத்துப்போன பஸ். அதுவும் அரசாங்க உத்தியோகத்தர் அரசியல்வாதிக்குத் தகவல் கொடுத்தால் விசாரணை வரும், வேலைக்கே ஆபத்து, எனக்குச் சொன்னால் ஒரு ஆபத்தும் இல்லை, வீட்டுக்குள் புருசனுக்குச் சொல்வதை எந்தத் திணைக்களம் விசாரிக்கும். ஆபத்தில்லாத இடத்தை விட்டுவிட்டு ஆபத்தான இடத்துக்குப் போயிருக்கிறாள். நொத்தாரிசு மூளைக்கு இது விளங்குகிறது, விளங்குவதுதான் கரைச்சல்.

ஐந்தும் ஆறும் எப்படிப் போனதென்று தெரியாது. ஏதோ பாடசாலை, ஏதோ மலசலகூடம், இரண்டு வாரக் கால அவகாசம். எழும்புவேன், எழும்ப மாட்டேன், எழும்புவேன். எழும்பினால் அவனுடைய சார்பாக என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை, கௌரவ துவாரகன் அவர்களின் சார்பாக அந்த வினாவைக் கேட்கிறேன், ஒன்பது வருட எம்பி நேற்று வந்தவனின் சார்பாக. ஆனால் சார்பாக எழும்புகிறவனுக்கும் மேலதிகக் கேள்வி கேட்கிற உரிமை இருக்கிறது, அதில் அவனுடைய பெயர் இல்லை. அங்கே நான் பேசலாம். பாலத்தடியைப் பற்றிப் பேசலாம், நான் அங்கே நின்றது மாதிரியே பேசலாம், சேற்றுச் சீலையைக்கூடச் சொல்லலாம், அவன் அந்தச் சீலையைக் காணவில்லை, நான் கண்டேன், பார்க்காத மாதிரிக் கண்டேன். அவள் போனில் பார்க்கட்டும். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்க்கட்டும். இப்படி நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு, தேர்தல் காலத்தில் வருகிற மாதிரி. "ஏழாம் இலக்கம், கௌரவ துவாரகன் அவர்கள்" என்றார் சபாநாயகர். சவுந்தரநாயகம் திரும்பிப் பார்க்க முன்னமே நான் எழும்பிவிட்டேன். மேசையில் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்பாகக் கேட்கிறேன் என்று சொன்னேன்.

அமைச்சர் வாசித்தார், கருவிக்குள் பெண் தமிழில் வாசித்தாள். அ, ஆம். ஆ, குறித்த வீதியில் தினமும் ஒரு பஸ் சேவை நடைபெறுகின்றது. இ, எழாது. எழாது என்பது இந்தச் சபையின் செல்லச் சொல், கேட்ட கேள்வியைத் தூக்கி வெளியே வைத்துக் கதவைச் சாத்துகிற சொல். நான் மேலதிகக் கேள்விக்கு நின்றேன். ஒரு பஸ் ஓடுகிறது என்று கௌரவ அமைச்சர் சொல்கிறார், அது கொண்டுபோய் விடுகிற பஸ், திரும்பக் கூட்டிவருகிற பஸ் எங்கே என்று கேட்டேன். எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் அரை மணித்தியாலம் வேப்பமரத்தடியில் இருந்து பார்த்துவிட்டு இனி ஏலாது என்று எழும்பி நடந்தாள், பாலம் வரைக்கும்தான் அவளால் நடக்க முடிந்தது, அந்த வழியாக ஒரு மிட்வைஃப் ஸ்கூட்டியில் வந்திருக்காவிட்டால் இன்றைக்கு நாங்கள் இரண்டு உயிர் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், வெள்ளைச் சீலை முழங்கால்வரை சேறாகி வந்த அந்த மிட்வைஃபிடம் இந்தச் சபை என்ன சொல்லப் போகிறது என்று கேட்டேன். எழுதி வைத்துப் பேசவில்லை, வந்தது. எதிரில் இருந்த ஒருவர் கருவியைக் காதில் சரிசெய்தார். எனக்கே என்னுடைய குரல் பிடித்தது, இவ்வளவு காலமும் நான் இப்படிப் பேசவில்லை, ஏன் பேசவில்லை, இவ்வளவும் எனக்குள்தானே கிடந்தது.

அமைச்சர் நல்ல மனநிலையில் இருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மாவே பேசினார், அது அபூர்வம். தினமும் இன்னொரு சேவை நடத்தச் சாரதிமார் இல்லை, ஆனால் வாரத்தில் கிளினிக் நாளில் மட்டும் பதினொரு மணிக்கு ஒரு பஸ் விடலாம், இப்போதே டிப்போவுக்கு உத்தரவு கொடுக்கிறேன், கௌரவ உறுப்பினர் அவர்களே, கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டார். கருவிக்குள் அந்தப் பெண்ணும் கேட்டாள், எந்த நாளில் நடக்கிறது. நான் வாயைத் திறந்தேன். எந்த நாள். தவமலர் எந்த நாளில் விடிய எழும்பி வெள்ளைச் சீலை கட்டுகிறாள், எல்லா நாளும்தான் கட்டுகிறாள், எந்த நாளில் இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறாள், எந்த நாளில் களைத்துப்போய் வந்து சாப்பிடாமல் படுக்கிறாள், ஒரு நாள் அப்படிப் படுத்தாள், அது எந்த நாள், அன்றைக்குக் கூட்டுறவுச் சங்கத்துக் கூட்டம் இருந்தது, கூட்டுறவுச் சங்கம் புதனில்தான் கூடும். மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினால் துவாரகன் எழுதியிருப்பான், எல்லாம் எழுதியிருப்பான், நாள், நேரம், எத்தனை பேர், ஆனால் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கமரா பார்த்துக்கொண்டிருக்க, சொந்த மாவட்டத்துக் கிளினிக் நாளை அவனுடைய குறிப்பிலிருந்து வாசிக்கிற எம்பியாக நான் நிற்பதா. தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பகுதியார் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். "புதன்கிழமை" என்றேன். உறுதியாகச் சொன்னேன். வருகிற புதன் தொடக்கம் பஸ் ஓடும் என்றார் அமைச்சர். எங்கள் பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள், அந்தப் பக்கத்திலும் இரண்டு பேர் தட்டினார்கள்.

நான் கதிரையில் இருந்தேன். சவுந்தரநாயகம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். ஒன்பது வருடத்தில் ஒரு வினாவுக்குச் சபையிலேயே பஸ் கிடைத்தது இதுதான் முதல் தரம், அது அவனுடைய வினாவாக இருந்தாலும் பஸ் என்னுடையது, அவன் பழுதுபட்ட பஸ்ஸில் இருக்கிறான், நான் ஓடுகிற பஸ்ஸை வாங்கிக் கொடுத்தேன். எட்டாவது வினாவுக்கு இருக்க மனம் வரவில்லை, விறாந்தைக்கு வந்து தேத்தண்ணி ஒன்று எடுக்கப் போனேன், கையில் போன் மணியடித்தது, தவமலர். பகலில் அவள் எனக்கு எடுப்பதே இல்லை. எடுத்த எடுப்பில் பேசாமல் கொஞ்சம் காக்கவைத்தேன், அவளே சொல்லட்டும் என்று. "கேட்டனான்" என்றாள். "இஞ்ச பிள்ளையள் போனில போட்டுக் காட்டினவை. நல்லாத்தான் கதைச்சியள். சீலையைப் பற்றிச் சொல்லேக்க எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு." நான் போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தேன். அவளுக்குப் பின்னால் நிறையப் பெண்களின் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை வீரிட்டு அழுதது, யாரோ அட்டையைக் கையில வைச்சிருங்கோ என்று கத்தினார்கள். "எங்க நிக்கிறாய்?" என்று கேட்டேன். "கிளினிக்கில." "இண்டைக்கே?" "வியாழக்கிழமைதானேப்பா கிளினிக்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது வாய்க்கு வந்திருக்கும். "புதன்கிழமை ஒருத்தரும் வாறேல்ல. அது பறவாயில்லை, நீங்கள் அந்தரப்படாதேங்கோ, துவாரகன் தம்பிக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன், அவர் நாளைக்குச் சபையில எழும்பித் திருத்துறாராம்." "அவனுக்கு ஏன் சொன்னனீ? முதலில எனக்கெல்லே சொல்லவேணும்?" இதைக் கேட்டுவிட்டுத்தான் என்ன கேட்டேன் என்று எனக்கு விளங்கியது. அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. "நீங்கள் எம்பியான நாள் தொடக்கம் உங்களுக்குத்தானே சொன்னனான்" என்றாள், பிறகு, "ஊசி போட வேணும், வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

தேத்தண்ணி எடுக்கவில்லை. விறாந்தையில் நின்றேன், கண்ணாடிக்கு வெளியே குளம், குளத்துக்கு மேலே ஒரு கொக்குப் போனது, எனக்கு அதில் மனம் போகவில்லை. நாளைக்கு அவன் எழும்புவான். மூத்த உறுப்பினர் என்மீது வைத்த அன்பால் எனக்காக எழும்பினார் என்று முதலில் சொல்லுவான், அப்படித்தான் சொல்லுவான், அவனுக்கு மரியாதை தெரியும், அதுதான் எனக்கு அவனில் பிடிக்காதது, பிறகு நாளில் மட்டும் ஒரு சிறிய தவறு என்று சொல்லித் திருத்துவான், மேசையைத் தட்டுவார்கள், தவமலர் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்ப்பாள். பஸ்ஸை அவனுக்குக் கொடுத்தாள். கதையைக் கொடுத்தாள். இப்போது நான் விட்ட பிழையையும் திருத்தச் சொல்லி அவனிடம் கொடுத்துவிட்டாள். இது மட்டும் முடியாது. எனக்கு அந்தத் தாய்மாரைப் பற்றிய நல்ல எண்ணம் வந்ததென்று சொன்னால் அது பொய், வந்தது பொறாமைதான், முதலில் இருந்ததைவிடப் பெரிய பொறாமை, அதுதான் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு திரும்ப உள்ளே கொண்டுபோய் விட்டது. எட்டாவது வினாவுக்கு யாரோ ஒரு அமைச்சர் அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் இடத்தில் போய் நின்றுகொண்டு ஒழுங்குப் பிரச்சினை என்று கையை உயர்த்தினேன். சபாநாயகர் சலிப்போடு பார்த்தார். சவுந்தரநாயகம் திரும்பி, இருங்கோ அண்ணை என்று கண்ணால் கெஞ்சினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "கௌரவ சபாநாயகர் அவர்களே, முதிரையடிக்குளத்துக் கிளினிக் புதன்கிழமை என்று நான் சொன்னது பிழை, அது வியாழக்கிழமை" என்றேன். அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு பல பேர் சிரித்தார்கள், சொந்த மாவட்டம் அல்லவா என்று ஒரு குரல் கேட்டது, கருவிக்குள் அந்தப் பெண் அதையும் சுத்தமான தமிழில் எனக்குச் சொன்னாள். சிரிப்பு அடங்கும்வரைக்கும் நின்றேன். "தெரியாமல் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும். இந்தப் பிழை கௌரவ துவாரகன் அவர்களுடையதல்ல, என்னுடையது, என்னுடையதாகவே பதியும்படி கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு இருந்தேன்.